அமெரிக்க உள்நாட்டுப் போர் எதற்காக நடந்தது? அடிமைமுறைக்காகவா, மாநில உரிமைக்காகவா?

வைகைக்கரை:
வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் பக்கம் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. போன ஞாயிறு, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவை ஃபோர்ட் மன்றோ கோட்டைக்குக் கூட்டிப்போனேன். கல் மதில், சுற்றிலும் அகழி. பார்த்ததும் அப்பா, "நம்ம வேலூர்க் கோட்டை மாதிரியே இருக்கே" என்றார். அப்புறம் மதில் மேல் நடக்கும்போது கேட்டார்: "இவங்க எதுக்குப்பா ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கிட்டாங்க?"

அடிமைமுறைக்காக என்றேன். ஆனால் என்கூட வேலை பார்க்கும் ஒருவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், அப்படியில்லை என்று அடித்துச் சொல்கிறார். மாநிலங்களின் உரிமை, வரிச் சண்டை, இவைதான் காரணமாம். அடிமைகள் விஷயம் பாதியில் சேர்த்துக்கொண்டதாம். அவர் பொய் சொல்கிற ஆளில்லை. பள்ளியில் அப்படித்தான் படித்திருக்கிறார். தெரிந்தவர்கள் விளக்குங்கள். அப்பாவுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது.

தென்னங்கீற்று:
உங்கள் நண்பர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 1861 மார்ச் 4 அன்று பதவியேற்ற லிங்கன், ஏற்கெனவே அடிமைமுறை இருக்கும் மாநிலங்களில் தலையிடும் எண்ணம் தனக்கு இல்லை என்று அந்த மேடையிலேயே சொன்னார். 1862 ஆகஸ்டில் பத்திரிகை ஆசிரியர் ஹோரஸ் கிரீலிக்கு எழுதிய கடிதத்தில், ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடிந்தால் அப்படிச் செய்வேன் என்று எழுதினார்.

டெலவேர், மேரிலாண்ட், கென்டகி, மிசௌரி ஆகிய நான்கும் அடிமைமுறை இருந்த மாநிலங்கள். நான்குமே வடக்கோடுதான் நின்றன. தெற்கின் படைவீரர்களில் பெரும்பாலோர் சொந்தமாக ஓர் அடிமைகூட வைத்திராத ஏழை விவசாயிகள். வெறும் அடிமைமுறைக்காக இத்தனை பேர் ஏன் சாக வேண்டும்? சுங்க வரியால் தெற்கு அடிபட்டது என்பதும் இருக்கிறது. எளிய பதிலில் எனக்கு நம்பிக்கையில்லை.

ராஜி_ரிச்மண்ட்:
தென்னங்கீற்று அண்ணா, நீங்கள் சொன்ன லிங்கன் மேற்கோள்கள் இரண்டும் உண்மையானவை. ஆனால் நீங்கள் எடுத்ததெல்லாம் லிங்கன் வாயிலிருந்து. பிரிந்துபோனவர்கள் யார்? தெற்கத்தியர்கள். ஏன் போனோம் என்பதை அவர்களே எழுதி, அச்சிட்டு, ஊரெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அதை முதலில் படிப்போம்.

மிசிசிப்பி மாநிலத்தின் அறிக்கை ஆரம்பத்திலேயே சொல்கிறது: "எங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுமையாகப் பிணைந்தது. உலகின் மிகப்பெரிய பொருளாதார நலன் அது." வரியைப் பற்றிய பேச்சில்லை.

1860 டிசம்பர் 20 அன்று முதலில் வெளியேறிய தெற்கு கரோலினாவின் அறிக்கை இன்னும் முக்கியம். அதன் பெரிய புகார் என்ன தெரியுமா? தப்பி ஓடிவரும் அடிமைகளை வடக்கு மாநிலங்கள் பிடித்துத் திருப்பித் தருவதில்லை, அதைத் தடுக்கத் தங்களுக்கென்று சட்டம் போட்டுக்கொள்கின்றன என்பதுதான். மாநில உரிமை என்று பார்த்தால், அந்த இடத்தில் உரிமையைப் பயன்படுத்தியது வடக்கு. "உன் மாநிலச் சட்டத்தை ஒதுக்கிவை, கூட்டரசின் 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி என் அடிமையைப் பிடித்துக் கொடு" என்று கேட்டது தெற்கு.

பிரிந்துபோய் அவர்கள் எழுதிக்கொண்ட அரசியல் சாசனத்திலும் பாருங்கள். அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் அவர்களுடைய நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். ஒரு மாநிலத்து முதலாளி தன் அடிமைகளோடு இன்னொரு மாநிலத்துக்குள் போனால் அந்த மாநிலம் தடுக்க முடியாது என்றும் எழுதினார்கள். அங்கே மாநில உரிமை எங்கே போயிற்று?

பிரிந்துபோன தெற்கின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசினார். கறுப்பன் வெள்ளையனுக்குச் சமமல்ல, அடிமையாக இருப்பதே அவன் இயல்பான நிலை, இந்த "உண்மையே" எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். போர் தோற்ற பிறகு அதே மனிதர் பேச்சை மாற்றிக்கொண்டார். உங்கள் அலுவலக நண்பர் பள்ளியில் படித்தது அந்த மாற்றிய பேச்சை.

வரி பற்றி ஒரு வரி. 1857இல் சுங்க வரி மிகவும் குறைக்கப்பட்டது, தெற்கின் ஆதரவோடு. வரியை ஏற்றிய மோரில் சட்டம் 1861 மார்ச்சில் வந்தது, ஏழு மாநிலங்கள் பிரிவினைத் தீர்மானம் போட்ட பிறகு. அவர்களுடைய உறுப்பினர்கள் எழுந்து போகாமல் இருந்திருந்தால் செனட்டில் அதை நிறுத்தியிருக்கலாம்.

கொங்குத்தறி:
நான் பஞ்சோடு பிறந்து வளர்ந்தவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

1787இல் அரசியல் சாசனம் எழுதியபோது அடிமைமுறை மெல்லத் தேய்ந்துவிடும் என்று நினைத்தவர்கள் பலர் இருந்தார்கள். புகையிலை நிலத்தை உறிஞ்சியிருந்தது, வர்ஜீனியாவில் பழைய லாபம் இல்லை. அப்போதும் சமரசம்தான் செய்தார்கள். அடிமைகளுக்கு ஓட்டு கிடையாது, ஆனால் முதலாளியின் மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று கணக்கிட ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணிக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அந்தக் கணக்கு தெற்குக்கு நாடாளுமன்றத்தில் கூடுதல் பலம் கொடுத்தது.

பிறகு 1793இல் எலி விட்னியின் ஜின் இயந்திரம் வந்தது. குட்டை இழைப் பருத்தியில் பஞ்சு விதையை விட்டு லேசில் பிரியாது. கையால் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விரல் நுனி எரியும், நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு பவுண்டு தேறினால் பெரிது. பல் வைத்த உருளை சுற்றச் சுற்ற விதை அந்தப் பக்கம், பஞ்சு இந்தப் பக்கம் விழுந்தது. ஒரு சிறிய இயந்திரமே நாளுக்கு ஐம்பது பவுண்டு. சுத்தம் செய்யும் வேலை குறைந்தது, ஆனால் செடியில் போய்க் காய் எடுக்க இயந்திரம் இல்லையே. அதற்குக் கை வேண்டும். அந்தக் கைகளைத்தான் விலைக்கு வாங்கினார்கள்.

1790இல் சில ஆயிரம் பேல் விளைந்த நாடு 1860இல் சுமார் 40 லட்சம் பேல் விளைத்தது. அதே 1860 மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளும் சுமார் 40 லட்சம். நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி மட்டுமே. அந்த மனிதர்களுக்குப் போட்ட விலையைக் கூட்டினால் சுமார் 300 கோடி டாலர் வரும். ரயில் பாதைகளும் தொழிற்சாலைகளும் சேர்ந்தால்கூட அவ்வளவு இல்லை. இதை இழக்க யார் சம்மதிப்பார்கள்?

நம் ஊருக்கும் இதில் ஒரு நூல் உண்டு. 1840களில் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கத் தெற்கிலிருந்து தோட்டக்காரர்களை வரவழைத்து, அந்த ரகப் பருத்தியை இந்தியாவில் விளைவிக்கப் பார்த்தது. கோவையில் அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர். போர் வந்து தெற்கின் துறைமுகங்களை வடக்குக் கடற்படை அடைத்ததும் லங்காஷயர் ஆலைகள் பஞ்சில்லாமல் நின்றன. இந்தியப் பருத்தியின் விலை ஏறியது, 1865இல் போர் முடிந்ததும் சரிந்தது. பிரிட்டன் பஞ்சுக்காகத் தங்கள் பக்கம் வரும் என்று தெற்கு கணக்குப் போட்டிருந்தது. பிரிட்டன் வரவில்லை.

வைகைக்கரை:
அப்படியென்றால் 1861 வரை ஏன் இழுத்தது? அடிமைமுறையை விரும்பாத வடக்கும் அதில் வாழ்ந்த தெற்கும் எழுபது வருடம் ஒரே நாடாக எப்படி இருந்தன?

ராஜி_ரிச்மண்ட்:
மேற்கே நிலம் இருந்த வரை தள்ளிப்போட முடிந்தது, அதே நிலம்தான் கடைசியில் வெடித்தது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாநிலமும் செனட்டில் இரண்டு ஓட்டு. அது எந்தப் பக்கம்? 1820இல் மிசௌரிக்காக ஒரு கோடு கிழித்தார்கள், மிசௌரி தவிர அதற்கு வடக்கே உள்ள மேற்குப் பிரதேசங்களில் அடிமைமுறை கூடாது என்று. மெக்சிகோவிடமிருந்து பெரும் நிலம் பறித்த பிறகு 1850இல் இன்னொரு சமரசம். 1854இல் கேன்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் பழைய கோட்டை அழித்து, அங்கே குடியேறுகிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றது. இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு கேன்சஸுக்கு ஆள் அனுப்பினார்கள். 1856இல் தெற்கு கரோலினா உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ் செனட் மண்டபத்துக்குள்ளேயே அடிமைமுறையை எதிர்த்த செனட்டர் சார்லஸ் சம்னரைக் கைத்தடியால் அடித்து வீழ்த்தினார். 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம், கறுப்பர்கள் குடிமக்களே ஆக முடியாது என்றது. 1859இல் அடிமைமுறை எதிர்ப்பாளர் ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கித் தூக்கில் தொங்கினார்.

லிங்கனின் கட்சி அடிமைமுறையை ஒழிப்போம் என்று சொல்லவில்லை. இனிப் புதுப் பிரதேசங்களுக்குப் பரவ விடமாட்டோம் என்றது. 40 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவான ஓட்டில் அவர் ஜெயித்தார். அந்த ஒரு தேர்தல் முடிவே போதுமானதாக இருந்தது.

தென்னங்கீற்று:
ராஜி, அந்தத் தெற்கு கரோலினா அறிக்கையை நேற்று இரவு முழுசாகப் படித்தேன். மாநில உரிமை வாதத்தை நான் விட்டுவிடுகிறேன். அந்தச் சொல் அவர்கள் எழுத்தில் வருகிறது, ஆனால் அங்கேயும் சண்டை அடிமைமுறைக்காகத்தான்.

இரண்டு கேள்வி மிச்சம். அடிமை வைத்திராத ஏழை வெள்ளைக்காரன் ஏன் சண்டைக்குப் போனான்? லிங்கன் ஒன்றியத்தைக் காக்கத்தானே ஆரம்பித்தார், போர் எப்போது, யாரால் அடிமைமுறைக்கு எதிரான போராக மாறியது?

மருதன்:
முதல் கேள்விக்கு நான். நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. கையில் காணி நிலம் இல்லாவிட்டாலும் "எனக்குக் கீழே ஒருத்தன் இருக்கான்" என்ற நினைப்பு எவ்வளவு பெரிய சொத்து என்று கிராமத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஜார்ஜியா ஆளுநர் ஜோசப் பிரவுன் 1860 டிசம்பரில் எழுதிய பகிரங்கக் கடிதத்தில் ஏழை வெள்ளையர்களிடம் இதைத்தான் பேசினார்: அடிமைகள் விடுதலையானால் உங்களுக்குச் சமமாக வந்து நிற்பார்கள். சொந்தமாக இல்லாவிட்டாலும் வாடகைக்கு அடிமை எடுத்தவர்கள், நாளைக்கு ஒன்று வாங்கலாம் என்று இருந்தவர்கள், இரவில் அடிமைகளைக் கண்காணிக்கும் ரோந்துக்குப் போனவர்கள் எல்லாம் அதே அமைப்பில் இருந்தவர்கள்தான். அடிமைமுறை மாநிலங்களில் சுமார் நான்கில் ஒரு வெள்ளைக் குடும்பத்திடம் அடிமைகள் இருந்தார்கள். அது சிறு கூட்டமில்லை.

எல்லா ஏழைகளும் போகவுமில்லை. 1862 அக்டோபரில் தெற்கு ஒரு சட்டம் போட்டது: இருபது அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையருக்குப் படைச் சேவையிலிருந்து விலக்கு. பணக்காரன் மூட்டிய போர், ஏழை சாகும் போர் என்று தெற்கிலேயே பேசினார்கள். வர்ஜீனியாவின் மேற்கு மலைப் பகுதி 1863இல் தனி மாநிலமாகவே பிரிந்து வடக்கோடு போயிற்று.

ராஜி_ரிச்மண்ட்:
இரண்டாவது கேள்விக்குப் பதில் வைகைக்கரை அப்பாவோடு நடந்த அந்த மதிலிலேயே இருக்கிறது.

1861 மே 23 இரவு. போர் தொடங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை. வர்ஜீனியா மக்கள் அன்றுதான் பிரிவினைக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். ஃபோர்ட் மன்றோ மட்டும் வடக்குப் படையின் கையில் இருந்தது. எதிர்க்கரையில் சூவல்ஸ் பாயிண்டில் தெற்குப் படை பீரங்கி மேடை கட்டிக்கொண்டிருந்தது. மண் சுமந்தவர்கள் அடிமைகள். அவர்களில் ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று பேருக்கு, அடுத்து வடக்கு கரோலினாவுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்தது. குடும்பத்தை விட்டு அவ்வளவு தூரம். இருட்டியதும் ஒரு சிறு படகில் ஏறித் துடுப்புப் போட்டுக் கோட்டைக்கு வந்தார்கள்.

அவர்களுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தப்பி வருகிற அடிமையைத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் அப்போதும் நாட்டின் சட்டம். கோட்டைக்குத் தளபதியாக வந்து ஒரு நாளே ஆகியிருந்த பெஞ்சமின் பட்லர் மாசசூசெட்ஸ் வக்கீல். அடிமைமுறை எதிர்ப்புக்காரர் என்ற பெயரெல்லாம் அவருக்கு இல்லை. மறுநாள் முதலாளி கர்னல் மல்லோரியின் சார்பில் மேஜர் கேரி என்பவர் வெள்ளைக்கொடியோடு வந்து கேட்டார்: சட்டப்படி அவர்களைத் திருப்பித் தருகிறீர்களா? பட்லர் சொன்னதன் சாரம் இது: வர்ஜீனியா தன்னை வெளிநாடு என்கிறது. வெளிநாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிப் பொருந்தும்? இவர்களை வைத்து எனக்கு எதிராகப் பீரங்கி மேடை கட்டுகிறீர்கள், நீங்களே இவர்களைச் சொத்து என்கிறீர்கள், ஆகவே எதிரியின் போர்ச் சொத்தாகப் பறிமுதல் செய்கிறேன்.

மனிதர்களைப் பொருளாகவே வைத்துச் சொன்ன வாதம் அது. அதுவே கதவைத் திறந்தது. சில நாட்களில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள், பிறகு நூற்றுக்கணக்கில். தாய்மார், கைக்குழந்தைகள், வயதானவர்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் பட்லரின் வாதத்தைச் சட்டமாக்கியது. வடக்குப் படை எங்கே போனாலும் அங்கே அடிமைகள் நடந்துவந்தார்கள். ஹாம்ப்டனில் மேரி பீக் என்ற கறுப்பினப் பெண் ஓர் ஓக் மரத்தடியில் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த மரம் இன்றும் ஹாம்ப்டன் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது. வைகைக்கரை, அப்பா ஊருக்குத் திரும்பும் முன் அங்கே கூட்டிப்போங்கள். கிளைகள் தரையைத் தொடுகிற மாதிரி படர்ந்திருக்கும்.

லிங்கன் விஷயத்துக்கு வருகிறேன். கிரீலிக்கு அந்தக் கடிதம் எழுதியது 1862 ஆகஸ்ட் 22. அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலை 22 அன்று, விடுதலைப் பிரகடனத்தின் வரைவைத் தன் அமைச்சரவையில் வாசித்துவிட்டார். ஒரு வெற்றிக்காகக் காத்திருந்தார். செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டம் போரில் ஒரே நாளில் இரு தரப்பிலும் சுமார் 23,000 பேர் இறந்தோ காயமடைந்தோ காணாமலோ போனார்கள். ஐந்தாம் நாள் பிரகடனத்தை அறிவித்தார், 1863 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வடக்கோடு நின்ற அந்த நான்கு அடிமைமுறை மாநிலங்களுக்கு அது பொருந்தவில்லை, அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் என் கருத்தில் போரின் பொருளை முதலில் மாற்றியவர்கள் வாஷிங்டனில் இல்லை. துடுப்புப் போட்டு வந்தவர்கள்.

மருதன்:
வந்தவர்கள் துப்பாக்கியும் எடுத்தார்கள். தரைப்படையில் சுமார் 1,79,000 கறுப்பின வீரர்கள், கடற்படையில் சுமார் 19,000 பேர். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். கறுப்பருக்கு 10, அதிலும் உடுப்புக்கு 3 பிடித்துக்கொண்டு கையில் 7. மாசசூசெட்ஸின் 54ஆம் படைப்பிரிவு குறைந்த சம்பளத்தைத் தொடமாட்டோம் என்று மறுத்து ஒரு வருடத்துக்கு மேல் சம்பளமே வாங்காமல் போரிட்டது. 1863 ஜூலை 18 அன்று ஃபோர்ட் வாக்னர் மதில் மேல் ஏறி விழுந்தவர்கள் அப்படிச் சம்பளம் வாங்காதவர்கள். 1864 ஜூனில்தான் நாடாளுமன்றம் சமச் சம்பளம் கொடுத்தது.

பிடிபட்டால் போர்க் கைதி என்ற மரியாதையும் இல்லை. 1864 ஏப்ரலில் ஃபோர்ட் பில்லோவில் சரணடைந்த கறுப்பின வீரர்களைத் தெற்குப் படை கொன்று குவித்தது.

போர்க்களக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கும் விக்ஸ்பர்க்கும், 1864 செப்டம்பரில் அட்லாண்டா, 1865 ஏப்ரல் 9 அன்று தெற்கின் தளபதி லீ சரணடைந்தது. நெடுங்காலமாகச் சொல்லப்படும் சாவுக் கணக்கு 6,20,000. பிந்தைய ஆய்வுகள் 7,50,000 வரை போகின்றன.

ராஜி_ரிச்மண்ட்:
என் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் ஷாக்கோ பாட்டம். நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த பெரிய அடிமைச் சந்தை இருந்த இடம். வர்ஜீனியாவில் பிறந்த பிள்ளைகளை இங்கே விற்று, பருத்தி வயலுக்குத் தெற்கே அனுப்பினார்கள். போருக்கு முந்தைய எழுபது வருடத்தில் இப்படி மேல் தெற்கிலிருந்து கீழே கொண்டுபோகப்பட்டவர்கள் சுமார் பத்து லட்சம். லம்ப்கின் என்ற வியாபாரியின் சிறை அங்கேதான் இருந்தது. அகழ்ந்தபோது கல் பாவிய முற்றம் அப்படியே வெளியே வந்தது. பக்கத்தில் நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். நான் அங்கே போனால் அதிகம் பேசமாட்டேன்.

1865 ஏப்ரல் 3 அன்று ரிச்மண்டுக்குள் முதலில் நுழைந்த படைகளில் கறுப்பின வீரர்கள் இருந்தார்கள். மறுநாள் லிங்கன் தன் சிறு மகன் டாடின் கையைப் பிடித்துக்கொண்டு புகை அடங்காத தெருக்களில் நடந்தார். சுற்றிலும் முந்தின நாள் வரை அடிமைகளாக இருந்தவர்கள். பத்து நாளில் அவர் சுடப்பட்டார். டிசம்பரில் அரசியல் சாசனத்தின் பதின்மூன்றாம் திருத்தம் மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்று, நாடு முழுவதும் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது.

தென்னங்கீற்று:
ஒப்புக்கொள்கிறேன். நான் லிங்கனையே பார்த்துக்கொண்டிருந்தேன், படகில் வந்தவர்களைப் பார்க்கவில்லை. விடுதலையானவர்களுக்கு நிலம் கொடுத்தார்களா? நாற்பது ஏக்கர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

மருதன்:
1865 ஜனவரி 16 அன்று வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் உத்தரவு போட்டார், கடலோர நிலங்களில் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை. பல குடும்பங்கள் குடியேறி விதைக்கவும் செய்தன. லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதே வருடமே பழைய முதலாளிகளுக்கு மன்னிப்புக் கொடுத்து நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார். விடுதலையானவர்களில் பலர் வாரக் குத்தகைக்காரர்கள் ஆனார்கள்.

வைகைக்கரை:
இழை முழுவதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அந்த மாதிரி ஓடி வந்தவங்கள்ல யாராவது பின்னாடி நல்லா இருந்தாங்களா?" என்று கேட்கிறார்.

ராஜி_ரிச்மண்ட்:
ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் அவருக்கு. ராபர்ட் ஸ்மால்ஸ். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் பிளான்டர் என்ற தெற்குப் படைக் கப்பலில் சுக்கான் பிடித்த அடிமை. 1862 மே 13 விடியற்காலை, வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கப் போயிருந்தபோது கப்பலை எடுத்தார். வழியில் ஒரு துறையில் மனைவி மக்களையும் மற்றவர்களின் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்து, கேப்டனைப் போலவே நின்று, ஃபோர்ட் சம்டரைத் தாண்டும்போது சரியான சங்கொலி கொடுத்தார். பீரங்கிக்கு எட்டாத தூரம் வந்ததும் கொடியை இறக்கி வெள்ளைப் போர்வையை ஏற்றினார்.

பிறந்த ஊரான போஃபோர்ட்டில், தான் யாருடைய அடிமையாகப் பிறந்தாரோ அவருடைய வீடு வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்தபோது அதை வாங்கினார். தெற்கு கரோலினாவிலிருந்து நாடாளுமன்றத்துக்கு ஐந்து முறை போனார். 1895இல் கறுப்பர்களின் ஓட்டுரிமையைப் பறிக்க அந்த மாநிலம் புதிய சாசனம் எழுதியது. அந்த மாமன்றத்தில் உறுப்பினராக உட்கார்ந்து எழுந்து எதிர்த்துப் பேசியவர்களில் அவரும் ஒருவர். அவர்கள் தோற்றார்கள். 1915இல், அந்த வீட்டிலேயே இறந்தார்.